சனிக்கிழமை தேவார வகுப்பு: ஓராண்டு போய்வந்த பிறகு

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவன் கோயிலின் முன்மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் மாலை 4.30 மணிக்குத் தேவார வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. சென்ற ஆடியில் சேர்ந்தேன். இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிறது. இடையில் 3 வாரம்தான் தவறியிருக்கிறது. வகுப்பு எப்படி, நம்மைப் போன்றவர்கள் போகலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கடை வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட, ஒரே இடத்தில் முழுதாக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சங்கீதம் கற்க வேண்டும் என்று நான் போகவில்லை. அதற்கு முந்தைய தை மாதம் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்த நாளிலிருந்து 7 மாதம். அந்த நோயின் வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவிப் போகும். மல்லாந்து படுக்க முடியாது. தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும். அப்படியே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை வேலை செய்கிற சில மணி நேரம் கண்ணயர்வார். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, முந்திரிப் பருப்பு வந்த கணக்கையும் போன கணக்கையும் நோட்டில் எழுதுவேன். எங்களுடையது சிறிய கடை. ஒருநாள் மூடினால் அந்த வாரம் இடிக்கும்.

அவர் போனபிறகு பூஜை அலமாரியின் கதவைச் சாத்திவிட்டேன். கோபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். விளக்கின் முன் நின்று சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் எல்லாம் ஊழ்வினை என்றார். இன்னொருவர், அழாதே, கடவுளுக்கு நன்றி சொல், அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த இரண்டு பேச்சும் எனக்குள் கல்லாக உட்கார்ந்துவிட்டன.

6 மாதம் அப்படியே போனது. என் நாத்தனார் இந்த வகுப்புக்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை வந்து, "பாடவெல்லாம் வேண்டாம். தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு வா. வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் கிடப்பாய்?" என்று அழைத்துப்போனார்.

அன்றைக்குத்தான் அப்பர் பாடிய நான்காம் திருமுறையின் முதல் பதிகத்தைத் தொடங்கினார்கள். ஓதுவார் ஐயாவுக்கு 60 வயதைத் தாண்டியிருக்கும். மைக் கிடையாது. ஒரு சுருதிப் பெட்டி, ஒரு ஜோடி கைத்தாளம், அவ்வளவுதான். முதலில் வரியைப் பாட்டில்லாமல் பேச்சாகச் சொல்வார், சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வார், பிறகுதான் பாடுவார். நாங்கள் இரண்டு முறை திருப்பிப் பாட வேண்டும். நான் பாடவில்லை. எதிர்த் தூணில் இருந்த கறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று தொடங்கினார். எமன் போல் வந்திருக்கிற இந்த நோயை நீர் விலக்கவில்லையே என்று பொருள் சொன்னார். அப்போதும் நான் நிமிரவில்லை. மூன்றாம் அடிக்கு வந்தார். "வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட." வயிற்றுக்குள்ளே குடலோடு கட்டிப் பிடித்து ஆளை முடக்கிப்போடுகிறது என்று சொல்லிக்கொண்டே, தம் கையை வயிற்றில் வைத்து முன்பக்கம் லேசாகக் குனிந்து காட்டினார்.

அந்தக் குனிவை நான் 7 மாதம் பார்த்தவள்.

சிறு வயதிலிருந்து தேவாரம் என்றால் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கிற, எல்லாம் நலமாயிருக்கிறவர்கள் பாடுகிற பாட்டு என்றே நினைத்திருந்தேன். குடல், வலி, புரளுதல் என்று ஒருவர் கடவுளின் முன் நின்று சொல்லியிருக்கிறார், அதையும் துதி என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், 7ஆம் நூற்றாண்டிலிருந்து பாடிவருகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. திருவதிகை எங்கள் ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! அந்தப் பதிகம் பிறந்த கோயிலின் வழியாகப் பஸ்ஸில் எத்தனை முறை போயிருப்பேன்!

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பரின் இயற்பெயர் மருள்நீக்கியார். திருவாமூரில் பிறந்தவர். சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்றுப் பெரிய நிலையில் இருந்தார். அங்கே சூலை நோய், அதாவது கொடிய வயிற்றுவலி, பிடித்தது. எந்த மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. கடைசியில், திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். தமக்கை திருநீறு கொடுத்து வீரட்டானேசுவரர் முன் கூட்டிப்போனார். அங்கே பாடிய முதல் பாட்டு இது. நாவுக்கரசு என்ற பெயரே இதற்குப் பிறகு வந்ததுதான்.

இனி வகுப்பைப் பற்றி. ஐயா அவசரப்படுவதே இல்லை. அந்தப் பதிகத்தில் இருப்பவை 10 பாடல்கள். முடிக்க எங்களுக்குக் கார்த்திகை ஆகிவிட்டது. ஒரு சொல் சரியாக விழவில்லை என்றால் அந்த அடியை விட்டு நகர மாட்டார். மாதம் ஒரு பதிகம் முடித்து மேடையில் பாட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. அப்படி வந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனக்கு அந்த மெதுவான நடைதான் தேவைப்பட்டது. ஒரே வரியை ஒரு வாரம் முழுக்கக் கடையில் பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பதிகத்தின் பண், அதாவது பழைய தமிழ் ராகம், கொல்லி. இப்போது அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். எனக்கு இசை தெரியாது என்பதால் ஐயா சொன்னதையே எழுதுகிறேன். இந்த ராகம் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடுகிறது; மேல் ஸ்தாயிக்கு ஏறுவதே இல்லை. இதைக் கேட்ட பிறகுதான், சேர்ந்த மூன்றாம் வாரத்திலேயே என்னால் எப்படி வாய் திறக்க முடிந்தது என்று புரிந்தது. தொண்டை அடைத்திருக்கிற ஆள், நாள் கணக்காக அழுத ஆள், உச்சியில் குரல் எழுப்ப முடியாது. இந்தப் பாட்டு அப்படி எதையும் கேட்கவில்லை. பேசுகிற குரலுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

குரல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் ஐயா முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார். யாரையும் தனியாகச் சுட்டாமல் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "நின்றுபோனால் நின்றுபோகட்டும். கை மட்டும் தாளத்தை விடக்கூடாது. அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளுங்கள்." அன்றிலிருந்து எத்தனையோ முறை நான் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டு என்னை விட்டுவிட்டுப் போவதும் இல்லை. 20 பேருக்கு மேல் சேர்ந்து பாடுவதால் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர்கள் நிரப்பிவிடுகிறார்கள்.

ஊழ்வினை என்ற பேச்சு எனக்குள் கல்லாகக் கிடந்தது என்றேனே, அதை அசைத்ததும் இந்த வகுப்புதான். முதல் பாட்டிலேயே "கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்று வருகிறது. நான் முன்பு பல கொடுமைகள் செய்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை என்று பொருள். எனக்குச் சுருக்கென்றது. துக்க வீட்டில் கேட்ட அதே பேச்சு இங்கேயும் வருகிறதே என்று மனம் சுணங்கியது. வகுப்பு முடிந்ததும் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "அம்மா, அந்த வார்த்தையை அப்பர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். அதை எடுத்து அடுத்தவர் தலையில் போட நமக்கு உரிமை இல்லை." வீட்டுக்கு வந்து அன்றிரவு வெகுநேரம் அழுதேன். அதற்குமுன் அழுததைப்போல் இல்லை அது.

புரட்டாசியில் ஆறாம் பாட்டு வந்தது. "நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்." நன்மையிலும் தீமையிலும் உன்னை மறந்ததில்லை என்கிறார். இவ்வளவு காலம் வேறு சமயத்தில் இருந்தவர் இப்படிச் சொல்லலாமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பெரியவர்கள் பலவிதமாக விளக்கம் சொல்லியிருக்கிறார்கள் என்று ஐயா சிலவற்றைச் சொன்னார். எனக்கு அவை எதுவும் மனதில் தங்கவில்லை. தங்கியது வேறொன்று. நானும் மாதக்கணக்கில் அலமாரியைச் சாத்தி வைத்திருந்தேன். ஆனால் தினமும் அந்தச் சாத்திய கதவைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனதில்லை. மறந்திருந்தால் பார்த்திருப்பேனா?

இந்த வகுப்பில் எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது ஒன்பதாம் பாட்டு. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொன்போல் மிளிரும் மேனியினீர் என்று அழகாகத் தொடங்குகிறது. அடுத்த அடியில், துன்பம், கவலை, பிணி இவை என்னை நெருங்காமல் நீர் விரட்டவில்லையே என்கிறார். பிறகு மூன்றாம் அடி: "என்போலிகள் உம்மை இனித் தெளியார் அடியார் படுவது இதுவேயாகில்." உம் அடியார்கள் படுகிற பாடு இதுதான் என்றால், என்னைப் போன்றவர்கள் இனி உம்மை நம்ப மாட்டார்கள்! கோயிலுக்குள் நின்று, சாமியின் முகத்துக்கு நேராக, இதைப் பாடியிருக்கிறார். ஐயா இந்த அடியைச் சொல்லிவிட்டுச் சுருதிப் பெட்டியை நிறுத்தினார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு அடுத்த அடியின் முதல் இரண்டு சொல்லைச் சொன்னார். "அன்பே அமையும்."

உம்முடைய அன்பே போதும்.

இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. நோய் தீர்ந்தது, அதனால் அன்பே போதும் என்று பாடவில்லை. இனி யாரும் உம்மை நம்பமாட்டார்கள் என்ற மூச்சிலேயே அன்பே போதும் என்கிறார். அதற்கடுத்த பத்தாம் பாட்டில்கூட இன்னும் "வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்" என்று வலி தொடர்கிறது. வேர்த்து, புரண்டு, விழுந்து, எழுந்து. எங்கள் வீட்டு இரவுகளை ஒருவர் பக்கத்தில் இருந்து எழுதியதுபோல் இருந்தது. முறையீட்டை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் துதிக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அப்பர் இரண்டையும் ஒரே பாட்டில், ஒரே பண்ணில், ஒரே தாளத்தில் வைத்துவிட்டார். அந்த வாரம் வீட்டில் அலமாரியைத் திறந்து விளக்கேற்றினேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஒன்பதாம் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், மூன்றாம் அடியையும் விடாமல்.

ஆனாலும் ஒரு கேள்வி அறுத்துக்கொண்டே இருந்தது. அப்பருக்குச் சூலை தீர்ந்தது. என் வீட்டுக்காரருக்குத் தீரவில்லை. பதிகம் முடிந்த அன்று, எல்லாரும் சுண்டல் வாங்கப் போன நேரத்தில், ஐயாவிடம் இதைக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கைத்தாளத்தின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "திலகவதி அம்மைக்கும் யாரும் திரும்பி வரவில்லை அம்மா" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து சொன்னார். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரைப் பேசி முடித்திருந்தார்கள். திருமணத்துக்கு முன்பே அவர் அரசன் ஏவலால் வடக்கே போருக்குப் போனார். அவர் போயிருந்தபோதே தந்தை நோயில் இறந்தார். தாயும் உடன் போனார். பிறகு, கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வந்தது. தாமும் உயிரை விட்டுவிடுவது என்று நினைத்தவரைச் சிறுவனாயிருந்த தம்பி காலில் விழுந்து அழுது தடுத்தார். தம்பிக்காக உயிர் தரித்தார். அந்தத் தம்பியும் வளர்ந்தபின் வேறு வழியில் போய்விட்டார். திலகவதியார் திருவதிகைக்கு வந்து, விடியுமுன் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூத்தொடுத்து மாலை கட்டினார். இத்தனையும் தம்பி திரும்பி வருவதற்கு முன்னால். தம்பி வந்த இரவு கழிந்ததும் அதே துடைப்பத்தையும் மெழுகும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு தம் வேலைக்குப் புறப்பட்டார். அவரையும் உடன் அழைத்துப்போனார். சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் விடாமல் சொல்லியிருக்கிறார்.

"பின்னாளில் அப்பர் திருவாரூரில் பாடினார், பாருங்கள்," என்று ஐயா அந்த இடத்திலேயே மெதுவாகப் பாடிக் காட்டினார். "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டுப் பூமாலை புனைந்தேத்தி." ஆறாம் திருமுறையில் வருகிறது. விடியுமுன் பெருக்கு, மெழுகு, மாலை கட்டு என்று நெஞ்சுக்குச் சொல்கிறார். "யாரைப் பார்த்துக் கற்றார் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

அது என் கேள்விக்குப் பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பதில் என்று எதையோ இட்டுக்கட்டி என் கையில் கொடுக்காததால்தான் நான் அவரை நம்புகிறேன். அன்று முதல் எனக்கு அந்தக் கதையில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. அப்பரின் இடம் எனக்குப் பொருந்தவில்லை. துடைப்பத்தோடு நிற்கிற அம்மையின் பக்கத்தில் நிற்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைப்பது குடிசைத் தொழில். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் விரல் வெந்து தோல் உரிந்துவிடும். அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம். என் அம்மா அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொட்டாங்குச்சியில் வைத்திருப்பார். நான் 10 வயதிலேயே அதில் கையைத் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய் இல்லாமல் போய்விடாது. வேலையும் நிற்காது. கை மட்டும் தாங்கும். திலகவதியார் தம்பிக்குத் திருநீறு கொடுத்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டாங்குச்சி நினைவுக்கு வருகிறது.

சித்திரைச் சதயம் அப்பர் குருபூசை. அன்று வகுப்பில் உள்ளவர்கள் எல்லாரும் திருவதிகைக்குப் போய்ப் பாடினோம். கெடில ஆற்றில் வெறும் மணல்தான். தேர்போல் நிற்கிற அந்த விமானத்தின் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனோம். கூட்டம் அதிகம், ஐயாவின் குரலே சரியாகக் கேட்கவில்லை. "அஞ்சேலும் என்னீர்" என்ற இரண்டாம் பாட்டின் கடைசி அடியில், அஞ்சாதே என்றுகூடச் சொல்லமாட்டேன் என்கிறீரே என்ற இடத்தில், என் குரல் நின்றுவிட்டது. கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் பாட்டில் சேர்ந்துகொண்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மண்டபத் தரை கருங்கல். பங்குனி, சித்திரையில் மாலை 4.30 மணிக்கும் சூடு இறங்கியிருக்காது, மார்கழியில் சில்லென்று ஏறும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நாற்காலி 4தான் இருக்கிறது, அவையும் முன்னால் வந்தவர்களுக்கே. கொடுக்கிற நகல் தாள்களில் எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது. கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்கச் சிரமம். பெரிய எழுத்தில் நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன், எழுதியதில் மனப்பாடமும் ஆயிற்று. ஐப்பசி மழையில் 2 வாரம் வகுப்பு இல்லை என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. நனைந்து போய்த் திரும்பி வந்தோம். இப்போது ஒருவர் பொறுப்பெடுத்துக் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார்.

குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்கள் தயங்க வேண்டாம். ஐயா குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிடுவார், அவர்கள்தான் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். குரல் இல்லை என்று நினைப்பவர்கள் கட்டாயம் வரலாம். துக்கத்தில் இருப்பவர்கள் பாடவே வேண்டியதில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, உங்களையும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை "சொற்றுணை வேதியன்" தொடங்குகிறார்கள். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டபோது அப்பர் பாடியது. புதிதாகச் சேர இது நல்ல நேரம். ஒரு பாயும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். வடக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார இடம் வேண்டுமென்றால் 4.15க்கே வந்துவிடுங்கள்; அந்த இடம் இப்போது எனக்குத் தேவைப்படவில்லை.